எதிர்க்கடை வெளிச்சம்

மதுரை
21-8-1936

மாப்ள முத்திருளனுக்கு ஜெயக்கொடி மச்சான் எழுதுவது. நானும் உன் அக்காள் சீனியம்மாளும் உடம்புக்கு ஒரு குறையுமில்லாமல் இருக்கிறோம். மனசைப் பற்றி அடுத்த வரியிலிருந்து எழுதுகிறேன். பட்டணத்து உப்புத் தண்ணீர் உனக்கு ஒத்துக்கொண்டதா?

உன் தங்கச்சி புருஷன், அதாவது என் சகலை விருமாண்டி, ஆடி மாதம் என் ஜவுளிக்கடைக்கு நேர் எதிரே ஒரு ஜவுளிக்கடை திறந்தது உனக்குத் தெரியும். விளக்குத்தூணைச் சுற்றி எத்தனையோ சந்து இருக்க, அவனுக்கு என் சந்துதான் கிடைத்தது. "அண்ணே, ஒங்க நெழல்ல நானும் பொழச்சுக்கிறேண்ணே" என்று கும்பிட்டுத்தான் வந்தான். வந்த மறுவாரமே கடை முகப்பில் மூன்று எலெக்ட்ரிக் பல்பு போட்டுவிட்டான். எல்லாம் முத்து முத்தாக வெள்ளை வெளிச்சம். என் கடையில் இருப்பவை, சந்துக்குக் கரண்டு வந்தபோது மாட்டின இரண்டு பழைய பல்புகள். கம்பி சிவப்பாகக் கனன்றுகொண்டு கிடக்கிறது. பொழுது சாய்ந்தால் அவன் கடை கல்யாண வீடு, என் கடை எழவு வீடு.

போன வாரம் கீழக்குயில்குடியிலிருந்து வந்த ஒரு அம்மாள் விளக்கு வைத்த பிறகு என்னிடம் கறுப்பென்று ஒரு சேலை வாங்கிப் போனாள். மறுநாள் காலையில் பார்த்தால் அது நீலமாம். சேலையைத் திண்டின்மேல் விட்டெறிந்துவிட்டு நேரே எதிர்க்கடைக்குப் போய் ஏறினாள். அவன் அங்கிருந்து என்னைப் பார்த்துச் சிரிக்கிறான். அந்தச் சிரிப்பைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அவன் மகள் பாண்டியம்மாள், நாலு வயசு, அந்த வெளிச்சத்தில் கல்லாப் பக்கம் உட்கார்ந்து துண்டுத் துணிகளை வைத்து விளையாடுகிறது. உன் அக்காள் நம் கடைப்படியில் நின்று அதையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். "உள்ள போ" என்று சொல்லிவிட்டேன். அவர்களோடு பேச்சும் வேண்டாம் என்று சொல்லியாகிவிட்டது.

நீ மின்சாரச் சாமான் கடையில் இருந்து மச்சானுக்கு என்ன பிரயோஜனம்? அவன் கடை இருப்பதே தெரியாதபடி எனக்கு ஒரு பல்பு பார்த்து அனுப்பு.

உன் நன்மையை நினைக்கும்
ஜெயக்கொடி


சென்னை
28-8-1936

அன்புள்ள மச்சானுக்கு முத்திருளன் வணக்கம். இங்கே சுகம். தண்ணீர் உப்புதான், பழகிவிட்டது. அக்காவுக்கு முழங்கால் வலி எப்படி இருக்கிறது? உங்கள் கடிதத்தில் அதைப் பற்றி இல்லை.

உங்களிடம் இருப்பது பழைய கார்பன் கம்பிப் பல்பு. அது கரண்டைத் தின்றுவிட்டுச் சூட்டைத்தான் அதிகம் தரும். இப்போது அரைவாட் பல்பு என்று, உள்ளே வாயு அடைத்தது வருகிறது. ஒரு மெழுகுவர்த்தி வெளிச்சத்துக்கு அரை வாட்தான் செலவு என்பதால் அந்தப் பெயர். அதே கரண்டுக்கு மூன்று பங்கு வெளிச்சம் கொடுக்கும். கடைக்காரர்கள் எல்லோரும் எத்தனை வாட் என்றுதான் கேட்கிறார்கள். வாட் என்பது பல்பு தின்கிற சாப்பாடு. செய்கிற வேலையை அல்லவா பார்க்க வேண்டும்?

நூறு வாட்டில் இரண்டும், அவற்றுக்கு எனாமல் ஷேடு இரண்டும் ரயில் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். துணி அடுக்குக்கு நேர் மேலே தொங்கவிடுங்கள். ஷேடு அவசியம் வேண்டும். அது இல்லாவிட்டால் பாதி வெளிச்சம் கூரைக்கும் தெருவுக்கும் போய்விடும். கடைக்கு நல்ல பல்பு என்பது நம் சரக்கைக் காட்டுகிற பல்புதான்.

தங்கச்சி செல்லத்தாய் எழுதியிருந்தாள். தையில் பாண்டியம்மாளுக்குக் காது குத்துகிறார்களாம். தாய்மாமன் மடியில் உட்காரவைத்துக் குத்த வேண்டும் என்பதால் நான் இப்போதே லீவு கேட்டிருக்கிறேன். பெரியம்மா வந்து நிற்காமல் குத்த மாட்டேன் என்று அவள் பிடிவாதமாக இருக்கிறாள். அக்காவை அனுப்புவீர்களா மச்சான்? ஒரு வரி எழுதுங்கள்.

தங்கள் அன்பு மறவாத
முத்திருளன்


மதுரை
10-9-1936

மாப்ளைக்கு மச்சான் எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். உன் அக்காள் முழங்காலும் நலம், நடந்துகொண்டுதான் இருக்கிறாள்.

பல்பு வந்தது. நல்ல பல்பு, குறை சொல்ல மாட்டேன். நீலம் நீலமாகவும் கறுப்பு கறுப்பாகவும் தெரிகிறது. மாட்டின அன்றைக்கே விருமாண்டி இந்தப் பக்கம் வந்து அண்ணாந்து பார்த்துவிட்டு, "கடை சொலிக்குதுண்ணே! எம்புட்டு வெளிச்சம்!" என்றான். வயிறெரிந்து சொன்னானா என்று முகத்தை உற்றுப் பார்த்தேன். எரியவில்லை. உண்மையாகவே சந்தோஷப்படுகிறான் பாவி. எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாள் அவன் கடையில் நாலாவது பல்பு எரிகிறது.

நீ அனுப்பின ஷேடுகளை மச்சில் தூக்கிப் போட்டுவிட்டேன். காசு கொடுத்து வாங்கின வெளிச்சத்துக்கு முக்காடு எதற்கு? நாலு பேர் பார்க்கத்தானே பல்பு?

காதுகுத்தைப் பற்றிக் கேட்டாய். வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறேன். ஒரே ஒரு நாள் அவன் கடையை விட என் கடை வெளிச்சமாக இருந்துவிடட்டும். அன்றைக்கே உன் அக்காளை அந்தப் படியில் நானே ஏற்றிவிடுகிறேன். காதுகுத்துக்கும் போகட்டும், அங்கேயே பத்து நாள் இருக்கட்டும். அதுவரைக்கும் அவள் இந்தத் தெருவைத் தாண்ட மாட்டாள். கருப்பணசாமி மேல் ஆணையாகச் சொல்கிறேன்.

ஆகவே உங்கள் கடையில் இருப்பதிலேயே பெரிய பல்பு எதுவோ அதை அனுப்பு. தீபாவளி வியாபாரம் தொடங்கப்போகிறது.

ஜெயக்கொடி


சென்னை
19-9-1936

அன்புள்ள மச்சானுக்கு முத்திருளன் வணக்கம். இங்கே நலம், மழைக்கு முந்தின புழுக்கம் மட்டும் அதிகம். அங்கே மழை உண்டா?

நீங்கள் கேட்டபடி ஐந்நூறு வாட் அரைவாட் பல்பு ஒன்று, பீங்கான் ஹோல்டரோடு அனுப்பியிருக்கிறேன். இது சினிமாக் கொட்டகை வாசலுக்கும் ரயில்வே யார்டுக்கும் போகிற பல்பு. ஒரு சந்துக் கடைக்கு நான் இதை யாருக்கும் விற்றதில்லை. துணிக்குப் பக்கத்தில் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள், அவ்வளவு சூடு. முதலாளி கேட்டால் இருநூறு வாட் போதும் என்றுதான் சொல்லுவார், நானும் அதைத்தான் சொல்லுகிறேன். ஆனாலும் அனுப்பிவிட்டேன்.

ஒன்றை மட்டும் கேளுங்கள். இதைத் தெருப்பக்கம் மாட்டாதீர்கள். உள்ளே, உயரத்தில், ஷேடு போட்டு, வெளிச்சம் உங்கள் துணிமேல் விழும்படி மாட்டுங்கள். தெருவில் மாட்டினால் கரண்டுப் பில் உங்களுடையது, வெளிச்சம் ஊருடையது.

தாங்கள் சாமிமேல் வைத்த ஆணையை நான் ஞாபகத்தில் வைத்திருக்கிறேன். அக்காவிடம் நான் விசாரித்ததாகச் சொல்லுங்கள்.

தங்கள்
முத்திருளன்


மதுரை
8-10-1936

மாப்ளைக்கு. இங்கே எல்லோரும் நலம் என்று எழுத வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன்.

ஆசாரியிடம் சொல்லி ஒரு இரும்புக் கை அடித்து, கடை நெற்றியிலிருந்து தெருப்பக்கம் நீட்டி, அதன் நுனியில் உன் பல்பை மாட்டினேன். நீ வேண்டாம் என்று எழுதினாய்தான். உள்ளே மாட்டினால் அவன் வயிறு எப்படி எரியும்? முதல் நாள் சுவிட்சைத் தட்டினதும் சந்தே "ஆ" என்றது. விளக்குத்தூணிலிருந்து ஆட்கள் வந்து நின்று பார்த்தார்கள். குதிரை வண்டிக்காரன் மிரண்ட குதிரையைப் பிடித்துக்கொண்டு என்னை வைதான். எனக்கு அது வாழ்த்து மாதிரி இருந்தது.

அந்தச் சந்தோஷம் ஒரு வாரம்தான். மழை பெய்து ஓய்ந்த அன்று மதுரையில் இருந்த ஈசல் பூராவும் என் பல்புக்கு வந்தது. பட்டு விரித்துப் போட்டிருந்த திண்டில் இறகு இறகாகக் கொட்டி, வாங்க வந்தவர்கள் தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு ஓடினார்கள். எங்கே ஓடினார்கள் என்று உனக்கு நான் எழுத வேண்டுமா?

அதுகூடப் போகட்டும். என் கடை வாசலில் நின்று பார்த்தால் அவன் கடை முன்னைவிடப் பளிச்சென்று தெரிகிறது. அதே நாலு பல்புதான், நான் எண்ணிப் பார்த்துவிட்டேன். ஆனாலும் சுங்கடிச் சேலையில் ஒவ்வொரு புள்ளியும் இங்கிருந்தே தெரிகிறது. அவன் ஏதோ மாற்றியிருக்கிறான். எனக்குத் தூக்கம் வரவில்லை மாப்ள. என்ன செய்யலாம் என்று எழுது.

ஜெயக்கொடி


சென்னை
14-10-1936

அன்புள்ள மச்சானுக்கு முத்திருளன் வணக்கம். நான் நலம். நீங்களும் அக்காவும் உடம்பைப் பார்த்துக்கொள்ள வேண்டும், முக்கியமாகத் தூக்கத்தை.

பல்பை உள்ளே திருப்புங்கள் என்று மறுபடியும் எழுதுகிறேன்.

மற்றபடி பத்து நாள் பொறுங்கள். நிலைமை உங்களுக்குச் சாதகமாக மாறும். எப்படி என்று கேட்க வேண்டாம். மாறினதும் தாங்கள் செய்ய வேண்டியதைச் செய்தால் போதும்.

தங்கள்
முத்திருளன்


மதுரை
2-11-1936

முத்திருளனுக்கு.

உன் நலத்தை நான் விசாரிக்கப்போவதில்லை. நன்றாகத்தான் இருப்பாய். இரண்டு பக்கமும் சம்பந்தம் வைத்திருக்கிறவனுக்கு என்ன குறை?

பத்து நாளில் நிலைமை மாறும் என்று எழுதினாய். மாறிவிட்டது. விருமாண்டி கடை முகப்பில் இருந்த நாலு பல்பையும் கழற்றிவிட்டான். வெறும் ஹோல்டர்கள்தான் தொங்குகின்றன. ஒழிந்தான் என்று நினைத்தேன். பொழுது சாய்ந்து பார்த்தால் கடை தகதக என்று இருக்கிறது! பல்பு ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை, வெளிச்சம் மட்டும் கொட்டுகிறது. பகலில் அவன் சாப்பிடப் போன நேரம் பார்த்து எட்டிப் பார்த்தேன். உத்தரத்தில் இல்லை. அலமாரிக்குப் பின்னால் இல்லை. இது என்ன புதுத் தினுசுப் பல்பு? எங்கே ஒளித்து மாட்டுவது? மச்சானுக்கு ஈசல் பிடிக்கிற பல்பு, தங்கச்சி புருஷனுக்குக் கண்ணுக்கே தெரியாத பல்பா? இதைத்தான் "எப்படி என்று கேட்க வேண்டாம்" என்றாயா?

என் கடைக்கு வருகிறவர்கள் கண் கூசி, கையால் மறைத்துக்கொண்டு, எனக்கு முதுகைக் காட்டித் திரும்பி நிற்கிறார்கள். திரும்பினால் எதிரே அவன் கடை. அவர்கள்மேல் என்ன குற்றம்? நான் அவனுக்கு முந்த வேண்டும் என்று அந்தி மயங்குமுன்பே பல்பைப் போட்டுவிடுகிறேன். அவன் கதவைச் சாத்திப் பூட்டின பிறகுதான் அணைக்கிறேன். கரண்டுப் பில்லைப் பார்த்தால் பட்டுச் சேலை விலை இருக்கிறது.

உன் அக்காள் சாயங்காலம் ஆனால் படியில் வந்து நின்றுகொள்கிறாள். உள்ளே போகச் சொல்வதை நானும் விட்டுவிட்டேன். அந்த வெளிச்சத்தில் அந்தப் பிள்ளையின் பாவாடைக் கரைகூடத் தெரிகிறது. அதன் இடது கன்னத்தில் குழி விழுவது எனக்கு இத்தனை நாள் தெரியாது. எனக்கு எதற்கு அது? வியாபாரத்தைப் பார்க்க வேண்டியவன் அங்கேயே பார்த்துக்கொண்டு நிற்கிறேன்.

அந்தப் பல்பின் பெயரை எழுதி அனுப்பு. இல்லாவிட்டால் இதுதான் நம் கடைசிக் கடிதம்.

ஜெயக்கொடி


சென்னை
6-11-1936

அன்புள்ள மச்சானுக்கு முத்திருளன் வணக்கம். நலம் விசாரிக்காவிட்டாலும் நான் நலம். நீங்கள் நலமாக இல்லை என்று தெரிகிறது.

குலசாமி மேல் ஆணையாக அவருக்கு நான் ஒரு பல்பும் அனுப்பவில்லை. கண்ணுக்குத் தெரியாத பல்பு எங்கள் கடையில் கிடையாது. இந்தப் பட்டணத்தில் எந்தக் கடையிலும் கிடையாது.

ஒரு சாயங்காலம், அவர் கடை திறந்திருக்கும்போது, உங்கள் பல்பை ஒரு நிமிஷம் அணைத்துப் பாருங்கள். அதற்கு மேல் எழுத எனக்கு மனம் இல்லை.

தங்கள்
முத்திருளன்


சென்னை
25-11-1936

அன்புள்ள மச்சானுக்கு முத்திருளன் பல முறை வணக்கம். இங்கே நலம். அங்கே எப்படி என்று தெரியவில்லை. தீபாவளி போய் இத்தனை நாளாகியும் தங்களிடமிருந்து ஒரு கார்டுகூட இல்லை. அக்காவுக்கு அனுப்பின சேலை வந்து சேர்ந்ததா என்பதும் தெரியவில்லை.

செல்லத்தாய் எழுதுகிறாள், காதுகுத்து நாள் தை ஒன்பது என்று. அக்காவைப் பற்றி ஒன்றுமே எழுதவில்லை. முன்னெல்லாம் ஒவ்வொரு கடிதத்திலும் கேட்பாள். கேட்பதை விட்டுவிட்டாள் என்றால் அவளுக்கு நம்பிக்கை போய்விட்டது என்று அர்த்தம்.

மச்சான், நான் ஏதாவது தப்பாக எழுதியிருந்தால் என்னை வையுங்கள். பதில் மட்டும் போடுங்கள்.

தங்கள்
முத்திருளன்


மதுரை
2-12-1936

மாப்ள முத்திருளனுக்கு ஜெயக்கொடி மச்சான் எழுதுவது. நானும் உன் அக்காளும் நலம். இந்தத் தடவை நிஜமாகவே நலம். சேலை வந்தது, நன்றாக இருக்கிறது, நேற்று உடுத்தினாள். உன் உடம்பு எப்படி?

உன் முந்தின கடிதம் வந்ததும் கிழித்துப் போட்டுவிட்டேன். தீபாவளிக்கு முன்னால் பல்பை அணைத்துப் பார் என்று சொல்கிறவன் எனக்கு வேண்டியவனா என்று நினைத்தேன். அணைத்த அந்த ஒரு நிமிஷத்தில் எத்தனை பேர் அந்தப் பக்கம் போய்விடுவார்களோ என்று பயம் வேறு. தீபாவளி முடிந்து, கூட்டம் ஓய்ந்து, போன சனிக்கிழமை சாயங்காலம் சும்மா உட்கார்ந்திருந்தேன். உன் அக்காள் படியில் நின்றுகொண்டிருந்தாள். எதிரே அவன் கடை தங்கம் மாதிரி இருந்தது. வந்த ஆத்திரத்தில் எழுந்து சுவிட்சைத் தட்டினேன்.

சந்தே இருண்டுபோயிற்று மாப்ள. அவன் கடை இருந்த இடமே தெரியவில்லை. கொஞ்சம் கண் பழகின பிறகு பார்த்தால், கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரே ஒரு அரிக்கேன் விளக்கு. அவ்வளவுதான் அவனுடைய வெளிச்சம். இத்தனை நாளும் நான் எதைப் பார்த்து வயிறெரிந்தேனோ, அது நான் காசு கட்டின வெளிச்சம். அவனுடைய சேலைக்கு என் பல்பு. நான் நெற்றியில் கையை வைத்துக்கொண்டு நின்றேன். சிரிப்பதா, தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியவில்லை.

பிறகுதான் அடுத்தது உறைத்தது. நாலு பல்பையும் அவன் ஏன் கழற்றினான்? கரண்டை மிச்சம் பிடிக்கிறவன் உள்ளே ஒன்றாவது வைத்துக்கொள்வான். நான் ஜெயிக்கட்டும் என்று கழற்றியிருக்கிறான். நீ யாருக்கு என்ன எழுதினாய் என்று நான் கேட்கப்போவதில்லை. உன்னை எனக்குத் தெரியும். ஆனால் அவன்! தீபாவளி வியாபாரத்தில், உன் ஒரு வார்த்தைக்கு, எனக்காகத் தன் கடையை இருட்டாக்கிக்கொண்டானே! நான் கனவில்கூட அதைச் செய்திருக்க மாட்டேன். விட்டுக்கொடுப்பதிலும் அவன்தான் முந்திக்கொண்டான். சத்தியமாகச் சொல்கிறேன், அவனுடைய நாலு பல்பைப் பார்த்துக்கூட எனக்கு அவ்வளவு எரிந்ததில்லை.

இருட்டிலிருந்து அவன் குரல் வந்தது. "என்னண்ணே, பீஸ் போயிருச்சா? இருங்க, ஏணி கொண்டாரேன்."

அப்போது அந்தப் பிள்ளை கூப்பிட்டது.

"பெரியப்பா! லைட்டப் போடுங்க பெரியப்பா, இருட்டா இருக்கு!"

அந்தச் சொல்லை அதற்கு யார் சொல்லிக்கொடுத்தார்களோ தெரியவில்லை. இந்தப் பக்கமே அதை வரவிடாதவன் நான். எங்களுக்குப் பிள்ளை இல்லை என்பதை உனக்கு நான் எழுத வேண்டியதில்லை. இதுவரைக்கும் என்னை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. அவன் வியாபாரத்தைப் பார்த்துப் பொறாமைப்பட்டது வாஸ்தவம்தான், இல்லை என்று சொல்ல மாட்டேன். அதைவிடப் பெரிய பொறாமை ஒன்று துண்டுத் துணியை வைத்துக்கொண்டு அவன் கல்லாப் பக்கம் விளையாடிக்கொண்டிருந்தது. அதை உனக்கும் சொல்லவில்லை, உன் அக்காளுக்கும் சொல்லவில்லை.

உடனே சுவிட்சைப் போட்டேன். வெளிச்சம் வந்ததும் பார்க்கிறேன், உன் அக்காள் நடுத்தெருவில் நிற்கிறாள். இருட்டிலேயே இறங்கிப் போயிருக்கிறாள். திரும்பி என்னைப் பார்த்தாள். "போ" என்றேன். ஆணைப்படி என் கடைதானே வெளிச்சம்? கையைப் பிடித்துப் படியேற்றிவிடுவதாகச் சொல்லியிருந்தேன், அதற்கும் அவள் காத்திருக்கவில்லை. செல்லத்தாய் ஓடிவந்து அவளைக் கட்டிக்கொண்டு அழுததையும், பிள்ளை இரண்டு பேருக்கும் நடுவில் தலையை நுழைத்துக்கொண்டதையும் நான் இங்கிருந்தே பார்த்தேன். பல்பின் தயவில் கண்ணீர்கூடத் தெரிந்தது.

காதுகுத்துக்கு நீ இரண்டு நாள் முன்னதாகவே வந்துவிடு. இப்போது உனக்கு ஒரு வேலை இருக்கிறது. சமாதானம் ஆகிவிட்டதே என்று விருமாண்டி அந்த நாலு பல்பையும் திரும்ப மாட்டப் பார்ப்பான். நேற்றே துடைத்துக்கொண்டிருந்தான். நான் சொன்னால் என்ன, ஏது என்று கேட்பான். நீயே அவனுக்கு எழுது. அரைவாட், கால்வாட், ஷேடு, கரண்டு மிச்சம் என்று எதையாவது சொல்லி, மாட்டாமல் பார்த்துக்கொள். என் பல்பு எத்தனை பில் ஏறினாலும் எரியட்டும். அப்பன் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்க, வெளிச்சம் வேண்டும் என்று அவள் என்னைக் கேட்டாள் மாப்ள. அவன் விளக்குகளைப் போட்டுவிட்டால் அவள் என்னை எதற்குக் கூப்பிடப்போகிறாள்?

உன் வரவை எதிர்பார்க்கும்
ஜெயக்கொடி